கொடியிலேயே வெடித்த பழம்

அண்ணே,

உன் வருசத் திதிக்கு இன்று மதினி உன் படத்துக்கு முன்னால் தட்டு நிறையக் கறுப்புத் திராட்சை வைத்திருந்தாள். ஒன்றை வாயில் போட்டேன். பல் கூசியது. நிறம் வந்ததுமே பறித்த பழம். உனக்கு இது போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

கோவில்பட்டிக்குக் கிழக்கே நம் கரிசலில் யாரும் திராட்சை போட்டதில்லை. போர்த் தண்ணீரை நம்பி நான் போட்டேன். "இந்த வெள்ளாமை தேறினா அந்த நிலம் ஒனக்கு. இல்லன்னா அண்ணங்கிட்ட விட்டுரு" என்று அப்பா சொன்னபோது நீ பக்கத்தில் உட்கார்ந்து கடம்பூர் போளி தின்றுகொண்டிருந்தாய்.

கம்பத்தில் ஒயின் பிழிகிற ஒருவர் வாங்கிக்கொள்வதாக ஒத்துக்கொண்டிருந்தார். "கறுத்ததும் பறிச்சிராதீங்கம்மா. வாழை மாதிரி அறுத்து வச்சா பழுக்காது. இனிப்பு கொடியிலதான் ஏறும். கடைசியில தண்ணிய நிறுத்திருங்க" என்றார். கல்லாகக் கிடந்த காய், குலைக்கு நாலைந்தாகச் சிவந்து, கறுத்து, மேலே சாம்பல் பூத்தது. தினமும் ஒன்றைக் கடித்துப் பார்ப்பேன். பச்சை விதை பழுப்பாகிக்கொண்டு வந்தது, புளிப்பு இறங்கிக்கொண்டு வந்தது. தண்ணீரை நிறுத்தியதில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நீ வரப்பில் நின்று ஊர் கேட்கக் கத்தினாய். "ஏட்டி, வாயில்லாச் செடியத் தாகத்துல போட்டுக் கொல்லுதியே, வெளங்குவியா?" வானம் பார்த்துப் பிழைக்கிற ஊர் உன் பேச்சைத்தான் நம்பியது.

புதூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாள் கழித்துத் திரும்பினேன். தோட்டத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். உறிஞ்சிய தண்ணீரைத் தாங்காமல் பழமெல்லாம் தோல் வெடித்து, குளவி மொய்த்துக்கொண்டிருந்தது. "பாவமா இருந்துச்சு, மோட்டாரப் போட்டேன்" என்றாய். அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. கொடியை வெட்டி எரித்துவிட்டு நீ அங்கே உளுந்து விதைத்தாய்.

செத்தவனைத் திட்டக்கூடாது என்கிறாள் மதினி. பாவம் பார்த்தவனாம்! கல்யாணத்துக்குப் புறப்பட்ட காலையில் உன்னைக் கொடிக்கடியில் பார்த்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டாய். துப்புவாய் என்று நின்றேன். நீ துப்பவில்லை. இன்னொன்று பறித்தாய். பிறகு ஒரு குலையையே தின்று தீர்த்தாய். என்னைக் கண்டதும் வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாய். அந்த வாய்தான் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

கரிசலில் திராட்சை இனிக்குமா என்று இப்போதும் கேலியாகக் கேட்கிறார்கள். இனித்தது என்று நான் சொன்னால் சிரிக்கிறார்கள். நீ சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள்.