டுரியான் தொதலும் பால்மா டின்னும்

கோலாலம்பூர்
06.12.2009

அன்புள்ள றவூப் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் நீங்கள் கத்துகிறீர்கள், பதிலுக்கு நானும் கத்துகிறேன், பிறகு யாராவது ஒருவர் வெட்டிவிடுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்துக்கு நடுவில் உங்களால் குறுக்கே பேச முடியாது.

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். நான், பக்கத்து வீட்டு ஹஸீனா, பெரியகல்லாற்று மேனுகா, மூன்று பேரும் ஒரே அறை. மேனுகாவை மறந்திருக்க மாட்டீர்கள். சுனாமிக்குப் பிறகு பள்ளிக்கூட முகாமில் என்னோடு ஒரே பானையில் சோறாக்கியவள். கடலுக்குத் தாயையும் சண்டைக்குத் தம்பியையும் கொடுத்தவள். அவள்தான் "செத்தா ஒண்டும் பாக்கேலா நஸீறா, உசிரோட இருக்கக்குள்ள போவம்" என்று சொல்லி எங்கள் இரண்டு பேரையும் கிளப்பினாள்.

காலையில் தேங்காய்ப்பால் சோறும் நெத்தலிப் பொரியலும் சம்பலும் வாழையிலையில் சுற்றித் தந்தார்கள். அப்படியே நம் வீட்டுச் சாப்பாடு, ஆனால் வேறொருத்தி சமைத்தது. காக்கா, கழுவ வேண்டிய சட்டி ஒன்றும் இல்லாமல் சாப்பிட்ட சோற்றின் ருசியை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்! டுரியான் பழமும் சாப்பிட்டோம். ஹஸீனா மூக்கைப் பொத்திக்கொண்டுதான் தொடங்கினாள், பிறகு என் பங்கையும் சேர்த்து முடித்தாள்.

இரட்டைக் கோபுரம் முழுவதும் படத்தில் விழ வேண்டும் என்று மேனுகா புல்லில் மல்லாந்து படுத்தாள். காவலாளி விசில் ஊதினான். எழும்பவில்லை. நேற்று அவள் பத்துமலை முருகனிடம் ஏறிப் போனாள். நாங்கள் கீழே பைகளுக்குக் காவல் நின்றோம். குரங்கு வந்து ஹஸீனாவின் முறுக்குப் பக்கற்றைப் பறித்தது. அவள் விடவில்லை, பாதியை மீட்டுவிட்டாள்.

உங்களுக்கு உடுத்த ஒரு பாத்திக் சேட் வாங்கியிருக்கிறேன். நிறம் கொஞ்சம் கூடத்தான்.

உங்கள் பிடிவாதக்காரத் தங்கை
நஸீறா

டோஹா, கட்டார்
17.12.2009

தங்கச்சி நஸீறாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கடிதம் கிடைத்தது. சாப்பாட்டுக் கதையெல்லாம் படித்தேன். சிரிப்பு வரவில்லை.

கச்சி முகம்மது ஹாஜியாரின் மகனுக்கு உன்னைப் பேசி முடிக்க நான் எத்தனை பேரிடம் பல்லைக் காட்டினேன் தெரியுமா? மாப்பிள்ளையும் உன்னைப்போலத் துணையை இழந்தவர், கடை கண்ணி உள்ளவர், தங்கமான மனிதர். அந்த நேரம் பார்த்து நீ ஆண்துணை இல்லாமல் ஊர் சுற்றப் போயிருக்கிறாய். நாங்கள் மூன்று பேர் என்று சொல்லாதே. மூன்று பெண்கள் சேர்ந்தால் ஓர் ஆண் ஆகாது.

மாப்பிள்ளையின் உம்மா ஸைனம்பு மாமி எனக்குப் போன் எடுத்து, "தங்கச்சி எங்க மகன்? வீடு பூட்டிக்கிடக்கு" என்று கேட்டார். என்ன சொல்ல? வருத்தத்துக்கு மருந்தெடுக்கச் சென்னைக்குப் போனாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் நீயும் அதையே சொல். சாமான்களை ஒருவருக்கும் காட்டாதே.

உனக்காக நான் கட்டிய வீட்டைக் கடல் கொண்டுபோனது. திரும்பவும் கட்டினேன். பதினாறு வருஷமாக இங்கே கிடக்கிறேன். வேலைத்தளத்தையும் படுக்கிற அறையையும் தவிர இந்த ஊரில் எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமையாவது ஊர் பார்க்கப் போனது கிடையாது. உனக்கு மட்டும் எப்படி மனம் வந்தது?

காக்கா
றவூப்

காத்தான்குடி
30.12.2009

அன்புள்ள காக்காவுக்கு,

ஸலாம். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே பால்மா டின் வந்துவிட்டது.

நடந்ததைச் சொல்கிறேன். ஊருக்கு வந்த மறுநாளே தெருவில் எல்லா வீட்டுக்கும் அங்கே வாங்கிய டுரியான் தொதல் இனிப்பைக் கொடுத்துவிட்டேன், ஒவ்வொருத்திக்கும் தலையில் போட ஒரு சோல். அன்று அஸறுத் தொழுகைக்குப் பிறகு ஸைனம்பு மாமி தோடம்பழப் பையும் பால்மா டின்னும் தூக்கிக்கொண்டு வந்தார். நோயாளி பார்க்க வருகிற முகம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"மெலிஞ்சி பெய்த்தாய் புள்ள" என்றார்.

"இல்ல மாமி, நல்லா திண்டு கொழுத்துத்தான் வந்திரிக்கன்."

"மறைக்காம சொல்லு. சென்னைக்கு மருந்தெடுக்கப் போனாயெண்டு உன்ட காக்கா சொன்னாரு. கெர்ப்பப்பையா? வெட்டி எடுத்திட்டாங்களா?"

காக்கா, அந்த நேரம் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதினால் இந்தத் தாள் எரியும். நீங்கள் எந்த வருத்தம் என்று சொல்லாமல் விட்டதால் ஊரே ஆளுக்கொரு வருத்தத்தை எனக்குத் தந்திருக்கிறது. பள்ளிவாசலடியில் எனக்குப் புற்றுநோயாம். மீன்சந்தையில் பைத்தியமாம்.

படங்களை எடுத்து மாமியின் மடியில் வைத்தேன். கோபுரம், ரயில், ஹஸீனாவைத் துரத்துகிற குரங்கு. "சென்னையில இவ்வளவு பெரிய பில்டிங்கா?" என்று கேட்டார். "இது கோலாலம்பூர் மாமி. எனக்கொரு வருத்தமும் இல்ல. சந்தோசத்துக்குப் போனன்" என்றேன்.

தொதலை வாயில் வைத்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். "சந்தோசத்துக்கா?" என்று கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. நான் களவெடுக்கப் போனேன் என்று சொல்லியிருந்தாலும் அந்தக் குரல் வந்திராது. பால்மா டின்னை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தோடம்பழத்தை விட்டுவிட்டார், நாங்கள் பிழிந்து குடித்துவிட்டோம்.

என் ஜௌபர் கடலோடு போய் இந்த இருபத்தாறாம் திகதி ஐந்து வருஷம். அவருக்காக யாஸீன் ஓதினேன், அழுதேன். நான் அழும்போது ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. நோய் என்றால் பழத்தோடு வருகிறார்கள். சிரித்தால்தான் விசாரணை.

பொய் சொல்ல மாட்டாத
நஸீறா

டோஹா
11.01.2010

நஸீறா,

ஊர் முழுக்க என்னைப் பொய்யன் ஆக்கிவிட்டாய். ஆனாலும் அவர்கள் பெரிய மனது பண்ணியிருக்கிறார்கள். மாப்பிள்ளை நேற்றுப் பேசினார். இனிமேல் அந்தக் கூட்டாளிமாரோடு எங்கேயும் போவதில்லை என்று ஸைனம்பு மாமியின் முன்னால் நீ வாக்குக் கொடுத்தால், நோன்புக்கு முன் நிக்காஹ்.

கொடு. இரண்டு தரம் கட்டிய வீட்டுக்காக இதையாவது செய். மறுத்தால் எனக்குத் தங்கை இல்லை. வருகிற லீவுக்கும் ஊருக்கு வரமாட்டேன். கடிதமும் எழுதாதே.

றவூப்

காத்தான்குடி
24.01.2010

என் அன்புக் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன்.

ஸைனம்பு மாமியின் வீட்டுக்கு நானே போனேன். மாப்பிள்ளையும் இருந்தார். "வாக்குத் தர ஏலா. நீங்க வேற இடம் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். மரியாதையாகத்தான் சொன்னேன். தந்த தேத்தண்ணியையும் குடித்துவிட்டுத்தான் எழும்பினேன். அவர் நல்ல மனிதராக இருக்கலாம். ஆனால் வாழ்க்கைப்படும் முன்பே என் கூட்டாளிமாரை வெட்டச் சொல்கிறவரோடு எனக்கு வாழ்க்கை வேண்டாம். முகாமில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது மடியில் போட்டுப் பார்த்தவள் மேனுகா. அவளை எந்த மாப்பிள்ளைக்காகவும் விடமாட்டேன்.

இனி வீட்டுக் கதை. நம் ஊரில் ஏன் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்கிறோம்? மாப்பிள்ளை அவள் வீட்டுக்குத்தான் வரவேண்டும், அவளை ஒருவரும் "வெளியே போ" என்று சொல்லக் கூடாது என்பதற்காகத்தானே? அதற்காகத்தானே உங்கள் இளமையை மணலில் போட்டீர்கள்? இப்போது என்னை "வெளியே போகாதே" என்று தடுக்கவும் அதே வீட்டைக் காட்டுகிறீர்கள். வீட்டை நீங்கள் கட்டியது பெரிய காரியம் காக்கா, ஒவ்வொரு தொழுகையிலும் உங்களுக்காகக் கையேந்துகிறேன். ஆனால் என்னை அதற்குள் வைத்துப் பூட்டுகிற திறப்பு உங்கள் கையில் இல்லை.

நீங்கள் திட்டியதற்கு நான் அழவில்லை. ஒரு வெள்ளிக்கிழமைகூட ஊர் பார்க்கப் போனது கிடையாது என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் அழுதேன். உங்களுக்கு என்மேல் கோபமில்லை காக்கா. நீங்கள் உங்களுக்குத் தராததை நான் எனக்கு எடுத்துக்கொண்டேன், அதுதான் உங்களைச் சுடுகிறது.

லீவுக்கு வரமாட்டீர்களா? சரி. நாங்கள் வருகிறோம். மூன்று பேரும் கட்டாருக்கு விசாவுக்குப் போட்டிருக்கிறோம். உங்கள் ஊரில் கடற்கரையோரம் நடக்க நல்ல பாதை இருக்கிறதாம், பழைய சந்தை இருக்கிறதாம், பாலைவனத்துக்குள் வாகனத்தில் கூட்டிப்போவார்களாம். எல்லாம் ஹஸீனா விசாரித்துவிட்டாள். உங்களுக்கு ஒன்றும் தெரியாது, அதனால் நாங்கள்தான் உங்களுக்குக் காட்ட வேண்டும்.

தங்கை இல்லை என்று உங்கள் அறைக் கூட்டாளிமாரிடம் சொல்லி வைத்திருந்தால் அதையும் மாற்றி வையுங்கள். ஒரு வெள்ளிக்கிழமை வந்து கதவைத் தட்டுவேன். திறக்காவிட்டால், திறக்கும் வரை தட்டுவேன்.

நஸீறா