பந்து நம் கையில் இருக்கும்போது

செப்டம்பர் 16

அன்புத் தம்பி கர்ட்டிஸுக்கு,

ஆர்லீன் அக்கா எழுதுகிறேன். கடிதத்தைக் கண்டதும் பயந்துவிடாதே. போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் உன் மச்சான் வெண்டல் காதில் விழுந்துவிடும். அவர் காதில் விழக்கூடாத விஷயம், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நீ மியூனிக்கிலிருந்து அனுப்பிய படங்கள் வந்தன. பீர்க்கடை மேஜையில் உப்புக் குடுவைகளை வரிசையாக நிறுத்தி, நீ அந்த ஊர்க்காரர்களுக்கு நம் அமெரிக்கக் காற்பந்தாட்டத்தைச் சொல்லிக்கொடுக்கிற படத்தை வெண்டல் குளிர்சாதனப் பெட்டிமேல் ஒட்டிவைத்திருக்கிறார். ரசிகர்கள் ஆளுக்கொரு அணியின் சட்டை போட்டிருக்கிறார்களே, அதைப் பார்த்துவிட்டு, "எந்த வீட்டுக் கல்யாணம்னே தெரியாம பந்தியில உக்காந்துட்டானுங்க" என்று சிரித்தார். சிரித்து முடித்ததும் இருமல் வந்துவிட்டது. அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அந்த இருமலைப் பற்றித்தான் எழுத வந்தேன். நுரையீரலில் புற்றுநோய் என்று ஆகஸ்டில் சொல்லிவிட்டார்கள், கர்ட்டிஸ். பரவியும் இருக்கிறது. தெருவுக்கே தெரியும். உன்னிடம் மட்டும் சொல்லக்கூடாது என்று அவர் என்னிடம் சத்தியம் வாங்காத குறை. "அவன்கிட்ட வாயத் தொறந்தேன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்" என்கிறார். உன்னிடம் மட்டும் என்ன ரகசியம் என்று எனக்கு விளங்கவில்லை.

மருந்து ஏற்றுவது அக்டோபர் கடைசியில் முடியும். அதன்பிறகு நவம்பரில் கொஞ்சநாள் தெம்பாக இருப்பார், வெளியே கூட்டிப்போகலாம் என்றார் டாக்டர். டிசம்பரைப் பற்றிக் கேட்டேன். அவர் காகிதங்களை அடுக்க ஆரம்பித்துவிட்டார். உன் மச்சான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நவம்பர் ஒம்பதாம் தேதி காரிங்டன்காரங்களோட ஆட்டம் இருக்கு டாக்டர், போய் உக்காரலாமா?" தாராளமாகப் போங்கள் என்றார் டாக்டர். சின்னப் பிள்ளை மாதிரி முகமெல்லாம் மலர்ந்து வெளியே வந்தார். காரில் ஏறி பெல்ட் போடும்போதுதான் நினைவு வந்திருக்கிறது. "அது இங்க இல்லையே, ஆர்லீன். ஜெர்மனிக்கில்ல போயிருச்சு" என்றார்.

காரிங்டன் ஆட்டம் அவருக்கு என்ன என்று உனக்குத் தெரியும். அந்த ஊரில் பிறந்த மனிதர். என்னைக் கட்டிக்கொண்டு இங்கே வந்ததிலிருந்து, அந்த ஆட்டத்தன்று பக்கத்து வீட்டு ராய்ஸ் அவரை "காரிங்டன் ஒற்றன்" என்றுதான் கூப்பிடுவான். அதற்காகவே மனிதர் அன்றைக்கு இரண்டு மடங்கு நம் ஊர்க்காரராகிவிடுவார். எதிரி கையில் பந்து இருக்கும்போது காது கிழியக் கத்துவார். நம் கைக்குப் பந்து வந்ததும் எழுந்து நின்று, மைதானத்துக்கு முதுகைக் காட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் தரைப்பக்கமாக அமுக்குவார். ஆட்டத்தை நடத்துகிற நம் பையன் கொடுக்கிற குரல் அவனுடைய ஆட்களுக்குக் கேட்டால்தானே எல்லாரும் ஒரே நேரத்தில் நகர முடியும். நம் வரிசைகள் கப்சிப் என்று அடங்கும். மொத்த மைதானமும் தன் கைக்கு அடங்குவதாக அவருக்கு ஒரு எண்ணம். நான் மறுத்துப் பேசியதில்லை.

அந்த ஒரு நாளைத் திருப்பிக் கொடுக்க வழி உண்டா, தம்பி? நம் அணி இங்கே ஆடவேண்டிய ஓர் ஆட்டத்தை இந்த வருஷம் மியூனிக்கில் நடத்த உன் ஆபீஸ் முடிவு செய்தபோது, எந்த ஆட்டத்தை அனுப்புவது என்று எடுத்துக்கொடுத்தது நீதான் என்றார்கள். மாற்ற முடியுமா என்று உன் மேலதிகாரிகளைக் கேட்டுப் பார்.

உடம்பைப் பார்த்துக்கொள். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே.

உன் அக்கா,
ஆர்லீன்


அக்டோபர் 19

கர்ட்டிஸுக்கு,

உன் பதில் கிடைத்தது. ஒருவரி விடாமல் படித்தேன். நுழைவுச்சீட்டெல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டது, ஊர் முழுக்கக் கொடி கட்டியாயிற்று, இனி கடவுளே வந்தாலும் மாற்ற முடியாது என்கிறாய். சரி. நான் கேட்டதே பைத்தியக்காரத்தனம்தான்.

நீ அனுப்பிய விமானச் சீட்டுகளைத் திருப்பிவிடு. விமானம் என்று நான் வாயெடுத்ததுமே டாக்டர் தலையை ஆட்டிவிட்டார். இப்போது மூக்கில் குழாய் வைத்து ஆக்சிஜன் ஓடுகிறது. கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவிலேயே இரண்டு தடவை நின்று மூச்சு வாங்குகிறார்.

மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அங்கே ஒரு ஆட்டம் அனுப்புவதில் எனக்கு ஒன்றும் வயிற்றெரிச்சல் இல்லை. அவர்களும் பார்க்கட்டும், ரசிக்கட்டும். ஆனால் வருஷத்துக்கு இத்தனை ஆட்டம் இருக்கிறதே, நம் ஊர்க்காரனே கொட்டாவி விடுகிற ஆட்டங்கள் எத்தனை. அதில் ஒன்றைத் தள்ளிவிட்டிருக்கக் கூடாதா? இதைப்போய் ஏன் கொடுத்தாய்? சீட்டு விற்க வசதி என்றுதானே? ஆட்டத்துக்கு முன்னால் நாம் வண்டிகளை நிறுத்திச் சமைத்துச் சாப்பிடுகிற வாகனத் திடலில், ராய்ஸ் எல்லார் முன்னாலும், "ஒன் தம்பி குடும்பச் சொத்தையே வித்துட்டாம்மா" என்றான். அடுப்பில் இறைச்சிச் சில்லிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியைப் போட்டுவிட்டு வந்து காரில் உட்கார்ந்துகொண்டேன்.

ஆட்டம் நடக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது என்னை மட்டும் மைதானத்துக்கு விரட்டிவிடுகிறார், "நீ போய்ப் பாரு, எனக்குக் காது இருக்கு" என்று. ஏரிக்காற்று இந்தப்பக்கம் வீசினால் மைதானத்துச் சத்தம் நம் சமையலறை ஜன்னல்வரை வருமே, அதைத் திறக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். இரைச்சல் என்றால் பந்து அவர்கள் கையில். சத்தம் செத்தால் நம் கையில். தொலைக்காட்சி தேவையில்லை என்கிறார். அங்கே மைதானத்தில் அவர் இடத்தில் ராய்ஸ்தான் எழுந்து நின்று கையை அமுக்குகிறான். பின்வரிசைக்காரர்கள் "மறைக்காம உக்காருய்யா" என்கிறார்கள். சத்தம் விட்டுவிட்டுத்தான் அடங்குகிறது. நான் வீடு திரும்பியதும் இவர் முணுமுணுக்கிறார்: "ராய்ஸுக்குக் கை பத்தாது."

ஒன்பதாம் தேதி அந்த ஜன்னலைத் திறந்து என்ன பயன்? இங்கே மைதானம் பூட்டிக் கிடக்கும்.

இதற்குமேல் எழுதினால் வருத்தப்படும்படி எதையாவது எழுதிவிடுவேன்.

ஆர்லீன்


நவம்பர் 12

என் அன்புத் தம்பிக்கு,

நீ ஏன் போன் செய்வதில்லை என்று எனக்குத் தெரியும். போன கடிதத்தில் நான் எழுதியதுதான் காரணம். அதைக் கிழித்துப் போட்டுவிடு. ஏன் என்று சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ராய்ஸும் மற்றவர்களும் நம் வீட்டு வாசலில் வந்து வண்டிகளை நிறுத்திவிட்டார்கள், திடலில் நிறுத்துகிற அதே வரிசையில். பனி பெய்துகொண்டிருந்தது. அங்கே பிற்பகல் ஆட்டம் என்றால் இங்கே காலைதானே, அதனால் காலைச் சாப்பாட்டு நேரத்தில் வாசலில் இறைச்சி சுட்டார்கள். கூடத்தில் நிற்க இடமில்லை. உன் மச்சான் நம் அணியின் பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டை தொளதொளவென்று தொங்கியது.

நாங்கள் பார்த்ததைத்தான் நீ நேரில் பார்த்திருப்பாய். என்ன கூட்டம், என்ன உற்சாகம். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். ஆனால் யார் கையில் பந்து இருந்தாலும் பாடுகிறார்களே, கர்ட்டிஸ். அவர்கள் ஊர்க் காற்பந்தில் அப்படித்தானாம், ஆரம்பத்திலிருந்து முடிகிறவரை பாடுவார்களாம். கடைசி நிமிஷத்தில் நம் ஆட்கள், கடந்தால் ஜெயிக்கிற கோட்டுக்கு இரண்டு கஜத்தில் நின்றபோது ஊரே சேர்ந்து ஒரு பாட்டை எடுத்தது. நம்மை ஜெயிக்கவைக்கத்தான் பாடினார்கள், பாவம்.

உன் மச்சான் எழுந்துவிட்டார். யாரையும் பிடிக்கவிடவில்லை. தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டி, எங்களைப் பார்த்து நின்று, இரண்டு கைகளையும் அமுக்கினார். கூடம் அப்படியே அடங்கிவிட்டது. அவருடைய ஆக்சிஜன் பெட்டியின் சத்தம் கேட்டது. அவருக்குப் பின்னால் தொலைக்காட்சிக்குள் எழுபதாயிரம் பேர் பாடிக்கொண்டிருந்தார்கள். நம் பையனின் குரல் யாருக்கும் கேட்கவில்லை. நம் வரிசையில் ஒருவன் முந்திக்கொண்டு அசைந்தான், நடுவர் ஐந்து கஜம் பின்னால் தள்ளினார், அதோடு ஆட்டம் போயிற்று.

ராய்ஸ் கையிலிருந்த தொப்பியைத் தரையில் அடித்தான். "எல்லாம் அந்த கர்ட்டிஸ் பய பண்ணின வேலை. அங்க கொண்டுபோய்த் தொலைச்சான்" என்றான். வெண்டலுக்கு மூச்சு வாங்கியது. அது நிற்கும்வரை காத்திருந்து சொன்னார்:

"அவனத் திட்டாத. ஜூன் மாசம் எங்கிட்ட கேட்டான், எந்த ஆட்டத்த அனுப்பலாம் மச்சான்னு. நான்தான் காரிங்டன் ஆட்டத்த அனுப்புடான்னேன். விருந்தாளிக்குப் பழசையா போடுறது? நல்லதா ஒண்ணக் குடுத்தாத்தானே திரும்ப வருவான்?"

உன்னிடம் ஏன் நோயை மறைத்தார் என்று அப்போதுதான் புரிந்தது. தெரிந்தால் நீ உன்னையே நொந்துகொள்வாய் என்றுதான் அத்தனை மிரட்டல். நீயும் சரி, நான் அத்தனை எழுதியும், 'மச்சான்தான் சொன்னார்' என்று ஒரு வார்த்தை பதிலில் போடவில்லை. சாகப்போகிற மனிதர்மேல் பழியைப் போடக்கூடாது என்று நினைத்தாயா? அவர் உன்னைக் காப்பாற்ற, நீ அவரைக் காப்பாற்ற, நடுவில் நான் உன்னை வாய்க்கு வந்தபடி எழுதினேன். அந்த வார்த்தைகளை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்றைக்கு எல்லாரும் போனபிறகு, "ஒருத்தனும் கெட்டவன் இல்ல. எப்ப கத்தணும்னு சொல்லிக் குடுத்தாச்சு, எப்ப அடங்கணும்னு சொல்லிக் குடுக்க ஆளில்ல" என்றார். அதிலிருந்து படுக்கைதான். நாற்காலிக்குக்கூட வர முடியவில்லை. மருத்துவமனையிலிருந்து ஒரு நர்ஸ் தினமும் வருகிறாள். நாளைத் தள்ளாதீர்கள், வரவேண்டியவர்களை வரச்சொல்லுங்கள் என்றாள்.

டிசம்பர் ஏழாம் தேதி இங்கே ஆட்டம் இருக்கிறது. வந்துவிடு, கர்ட்டிஸ். அவர் முகத்தைப் பார்க்க உனக்குக் கூச்சமாக இருக்கும், உன்னிடம் பேச அவருக்கு மூச்சு இருக்காது. அதனால் நேரே வீட்டுக்கு வரவேண்டாம். முதலில் மைதானத்துக்குப் போ. அவர் இருக்கை காலியாகத்தான் இருக்கும், ராய்ஸிடம் சொல்லிவைக்கிறேன். பந்து நம் கைக்கு வந்ததும் எழுந்து, திரும்பி நின்று, இரண்டு கைகளையும் நன்றாக அமுக்கு. உட்காரச் சொன்னால் உட்காராதே. மற்ற பக்கத்துக் கூட்டம் எப்போதும்போல் தானாகவே அடங்கிக்கொள்ளும். அது அவருக்குத் தெரியவேண்டாம்.

கட்டிலைச் சமையலறை ஜன்னல் ஓரமாகப் போட்டுவைக்கிறேன். எவ்வளவு குளிரடித்தாலும் அன்றைக்கு அதைத் திறந்துவைப்பேன். சத்தம் ஒரேயடியாக நிற்கும்போது, யார் வந்திருப்பது என்று அவருக்கு நான் சொல்லவேண்டியிருக்காது.

அதுவரை அவர் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள். நானும் வேண்டிக்கொள்கிறேன்.

உன்னைத் திட்டிய வாயால் உன்னை வாழ்த்துகிற,
அக்கா