சத்தம் போடுகிறவருக்கே திரை

ரூஸே,
பிப்ரவரி கடைசி ஞாயிறு

அன்புள்ள நெவெனாவுக்கு,

ஸ்லாவ்கா எழுதுகிறேன். நானும் என் வீட்டுக்காரர் பெட்கோவும் நலம். வலென்சியாவில் நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்று ஒரு வரிச் செய்தி அனுப்பி வாயை அடைத்துவிடுவாய். நவம்பரிலிருந்து நான் காணொளியில் கூப்பிட்டால் எடுப்பதே இல்லை. அதனால்தான் கடிதம். உட்கார்ந்து முழுசாகப் படி.

முதலில் நம் சங்கத்துச் செய்தி. காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவர்களின் சங்கம் என்று பெயர்தான் பெரிது. நீ இருந்தபோது மாநாடு எப்படி நடந்தது என்று உனக்கே தெரியும். வருடம் ஒருமுறை சோபியாவில் ஓட்டல் மண்டபம். காது கேட்கும் ஆசிரியர்கள் மேடையில். காது கேளாத ஆசிரியர்களான நாம் ஒரு ஓரத்தில், மொழிபெயர்ப்பாளன் ஒக்னியானின் கைகளையே பார்த்துக்கொண்டு. அவன் காப்பி குடிக்கப் போனால் நமக்கு மாநாடு முடிந்தது.

போன வருடம் அதைக் கணினித் திரைக்கு மாற்றினார்கள். விடுப்புக் கேட்டுத் தலைமையாசிரியரிடம் பல்லைக் காட்ட வேண்டியதில்லை. தூரத்து ஊர்களான விடினிலிருந்தும் புர்காஸிலிருந்தும், அதுவரை மாநாட்டு வாசலையே மிதிக்காதவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷம் என் முறை வரும்வரைதான். அந்தத் திரைக்கு ஒரு குணம் உண்டு. யார் சத்தம் போடுகிறார்களோ அவர்களைத்தான் பெரிதாகக் காட்டும். நான் பின்னப் பாடத்தைப் பற்றிக் கையால் பேசுகிறேன், ஒக்னியான் அதைக் குரலில் சொல்கிறான், திரை முழுக்க ஒக்னியானின் தாடி. நான் ஒரு மூலையில் தபால்தலை அளவு. நடுவில் யாரோ தும்மினார், அவர் வந்தார். ஒரு வீட்டில் நாய் குரைத்தது, நாயும் வந்தது. நான் மட்டும் வரவில்லை. என் கையைப் பார்க்க வந்த நம் ஆட்கள் எல்லாரும் ஒக்னியானின் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? பெட்கோவைக் கூப்பிட்டேன். பானிட்சாப் பலகாரம் சுடும் தட்டையும் கரண்டியையும் அவர் கையில் கொடுத்து, "நீங்க அடிங்க, நான் பேசறேன்" என்றேன். அவருக்கும் காது கேட்காது அல்லவா, அளவு தெரியாமல் விளாசித் தள்ளினார். உடனே திரை முழுக்க நான்தான். காது கேட்கிறவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு காதைப் பொத்தினார்கள். நம் ஆட்கள் அத்தனை பேரும் கட்டத்துக்குக் கட்டம் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்கள், அதுதானே நம் கைதட்டல். வாசல் மணியின் விளக்கு வேறு மின்னிக்கொண்டே இருந்தது. கதவைத் திறந்தால் கீழ்வீட்டு அம்மாள், "வீடு இடியுதா, இல்ல நீங்க ரெண்டு பேரும் இடிக்கிறீங்களா?" என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு நின்றாள்.

அன்று சாயங்காலமே ஒக்னியான் செய்தி அனுப்பினான். கூட்டத்தை நடத்துகிறவர் நினைத்தால் ஒருவரை எல்லாருக்கும் பெரிதாக நிறுத்தி வைக்கலாமாம். "அக்கா, இது இத்தனை நாளா எனக்குத் தோணவே இல்லையே, என்னைச் செருப்பால அடிக்கணும்" என்று எழுதியிருந்தான். பிறகு அவனும் நானுமாகத் திரையிலேயே புதன்கிழமைக் கூட்டம் ஒன்றைத் தொடங்கினோம். எல்லாரும் இணையத்தில் ஒரே பக்கத்தில் எழுதலாம், திருத்தலாம், சைகையைப் படம் பிடித்துப் போடலாம். பின்னத்துக்கு வர்ணாவில் ஒரு சைகை, நமக்கு ஒன்று, விடினில் இன்னொன்று. பள்ளி மாறி வரும் பிள்ளை திருதிருவென்று விழிக்கும். ஓட்டல் மண்டபத்தில் எத்தனையோ வருடம் தீராத இந்தச் சண்டை ஒரே குளிர்காலத்தில் தீர்ந்தது. கணக்குப் பாடம் முழுவதற்கும் இப்போது நமக்கு ஒரே சைகை. நீ இருந்திருந்தால் வகுத்தலுக்கு இன்னும் நல்லதாக ஒன்று கண்டுபிடித்திருப்பாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் இரண்டாவது சனிக்கிழமை பொதுக்குழு, திரையில்தான். தலைவர் வெலெவ் ஒரு தீர்மானம் கொண்டுவருகிறார். இந்த வருடத்திலிருந்து எல்லாம் மறுபடியும் ஓட்டல் மண்டபத்தில், திரைக்கு முழுக்கு. அதற்கு அவர் சொல்லும் காரணத்தைக் கேள்: "கேளாத நண்பர்களுக்கு இது ஒத்துவரல. பாவம், தட்டை அடிக்கிற நெலமைக்கு வந்துட்டாங்க." என் தட்டை வைத்தே என் மண்டையில் போடுகிறார் மனிதர். அவர் இரக்கத்தில் இடி விழ.

நான் விடப்போவதில்லை. மாற்றுத் தீர்மானம் எழுதிவிட்டேன். மண்டபமும் இருக்கட்டும், திரையும் இருக்கட்டும். கையால் பேசுகிறவரைப் பெரிதாக நிறுத்த வேண்டும். எங்கிருந்து திரையில் வந்தாலும் உறுப்பினருக்கு ஓட்டு உண்டு. ஆனால் என் பள்ளியில் வேலை செய்யாத உறுப்பினர் ஒருவர் எல்லாரும் பார்க்கக் கையைத் தூக்கி வழிமொழிந்தால்தான் அதை எடுத்துக்கொள்வார்கள். எல்லாருடைய இடமாற்றமும் கல்வி இலாகாவிலும் அதிகாரியாக இருக்கிற வெலெவின் கையெழுத்தில் இருக்கிறது. வர்ணாப் பள்ளி இஸ்க்ரா, "ஓட்டுப் போடறேன் அக்கா, முதல் கை மட்டும் என்னைத் தூக்கச் சொல்லாத" என்று கெஞ்சினாள். சின்னக் குழந்தை வைத்திருக்கிறாள், அவளை எப்படிக் குறை சொல்வது? அவர் கைக்கு எட்டாத உறுப்பினர் ஒருத்திதான், நீ. பள்ளிச் சம்பளம் போதாமல் ஸ்பெயினுக்குப் போன பிறகும் வருடா வருடம் சந்தா கட்டிக்கொண்டிருக்கிறாய். வேண்டாம் என்று போனவள் எதற்கடி கட்டுகிறாய்?

நெவெனா, உன் அக்கா மில்கா என்னிடம் எல்லாம் சொல்லிவிட்டாள். ஆரஞ்சுப் பெட்டி கட்டும் இயந்திரம், வலது கை, இரண்டு விரல். அவளைத் திட்டாதே, நான்தான் விடாமல் பிடுங்கினேன். கேட்டுவிட்டு அழுதேன். அப்புறம் உன்மேல் கோபம் வந்தது. நமக்குக் கைதானே வாய். அதில் அடிபட்டதை என்னிடம் மறைக்க உனக்கு எப்படி மனசு வந்தது? நீ ஏன் கேமரா முன்னால் வருவதில்லை என்று இப்போது புரிகிறது. உன் பேச்சு குளறும், எல்லாரும் கையையே பார்ப்பார்கள் என்று பயப்படுகிறாய்.

பார்க்கத்தான் பார்ப்பார்கள், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நீயும் நானும் ஜனவரிக் குளிரில் தடித்த கம்பளிக் கையுறையோடு பேசிய பிள்ளைகளைப் புரிந்துகொண்டவர்கள். இரண்டு கையிலும் பை வைத்துக்கொண்டு நீ முழங்கையாலேயே வம்பு பேசியது மறந்துபோயிற்றா? மிச்சம் இருக்கிற விரல்கள் எனக்குத் தாராளமாகப் போதும்.

இங்கே மாலை ஐந்து மணி, உனக்கு நான்கு. ஜன்னலைப் பார்த்து உட்கார், முகத்தில் வெளிச்சம் விழட்டும். அன்று திரையை நடத்துவது ஒக்னியான்தான், அவன் உன்னைப் பெரிதாக நிறுத்துவான். வழிமொழிவது யார் என்று கேட்கும்போது நீ ஒன்றும் பேச வேண்டாம். கையைத் தூக்கினால் போதும். இடது கையைத் தூக்கினாலும் செல்லும். நீ வராவிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று எழுத நினைத்தேன். எழுத வரவில்லை, கோபித்துக்கொள்வேன்.

மார்ச் பிறக்கிறது, இத்துடன் உனக்கு மார்தெனிட்சா வைத்திருக்கிறேன். சிவப்பும் வெள்ளையுமாக நானே முறுக்கிய நூல். இந்த வருடம் முழுக்க நோய் நொடி இல்லாமல் நீ திடமாக இரு. இதை வலது மணிக்கட்டில் கட்டிக்கொள். அந்தக் கையையே தூக்கு.

சனிக்கிழமை உன் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்,
உன் ஸ்லாவ்கா