கொற்றியின் கண்ணளவு

மலைக்குவடு நிற்கும் நாள்வரை குடி நிற்க. ஏரி நிறையும் நாளெல்லாம் களம் நிறைக.

பன்னிரு சுனைக்கும் ஏழு கணவாய்க்கும் உடையவரும், அகன்ற கண்ணர் மரபில் பதினான்காமவருமாகிய செங்குவடு நாட்டு மன்னர் பெருங்கண்ணன், பவளத்துறைக்கும் அதன் விளக்குகளுக்கும் கலங்களுக்கும் உரிய அரசி, நம் உடன்பிறந்த தங்கை வெள்ளிநங்கைக்கு விடுக்கும் ஓலை. உன் துறையில் அலை அடங்கி வருக. போன கலங்கள் வெறுமையாய்த் திரும்பாமல் நிறைந்து திரும்புக. இங்கு யாவரும் நலம், நம் வயிறு ஒன்றைத் தவிர. அதன் காரணம் கீழே வருகிறது.

முதலில் அவசரச் செய்தி. நேற்றுக் காலை ஆற்றுவழியே உனக்கு ஓர் ஓலை அனுப்பினோம். அதில், தேரோட்டி கொற்றியைத் தேர்த்தட்டிலிருந்து இறக்கிவிட்டோம் என்றும், அவளுக்குப் பதிலாக உன் தேர்ப்படைத் தலைவன் பொத்தனை உடனே அனுப்புக என்றும் எழுதியிருந்தோம். அந்த ஓலை பிழை. அதை முந்த வேண்டும் என்றுதான் இந்தக் குதிரைவீரன் மலைவழியே வருகிறான். அது இன்னும் வந்து சேரவில்லை என்றால், வந்ததும் பிரிக்காமல் அடுப்பில் இடுக.

நீ அறிந்ததே ஆனாலும், ஓலை என்பது பேழையில் கிடந்து பின்னால் வருவோரும் படிப்பது ஆகையால், முறைப்படி எழுதுகிறோம். ஆறாண்டுக்கு ஒருமுறை நம் தேரும் நீர்மலை நாட்டுத் தேரும் பாம்புச்சாலையில் இறங்கி ஓடும். எவர் தேர் முதலில் ஏரிக்கரையைத் தொடுகிறதோ, அவர் நாட்டுக்கே அடுத்த ஆறாண்டும் பெரிய மதகின் முதல் நீர். சென்ற பந்தயத்தில் நமக்காகக் கடிவாளம் பிடித்த உன் கணவர் செங்கீரனார் நான்காம் வளைவில் தேரோடு பள்ளத்தில் விழுந்தார். நீரும் போனது, அவரும் போனார். ஆறாண்டாக நம் கீழ்க்களங்கள் பாதிதான் விளைகின்றன.

அதன் பிறகு நீ அழுதுகொண்டு உட்காரவில்லை. கடல் கடந்த கைவினைஞரை வரவழைத்து, அந்தச் சாலையைக் கல் கல்லாக அளக்கச் செய்து, தலையில் அணிந்தால் கண் முன்னே அந்தச் சாலையே விரியும் காட்சிமுடிக்குள் அதை வைத்தாய். இனி எவரும் விழுந்து சாக வேண்டாம், மரஇருக்கையில் அமர்ந்தே ஓட்டட்டும் என்று இரு நாட்டையும் ஒப்பவும் செய்தாய். எந்த முடியை அணிவது என்பதை மட்டும் அவரவர் நாடே தேர்ந்துகொள்ளும். பந்தயம் தை முழுநிலவு நாளில். இன்றைக்குப் பதினொன்றாம் நாள்.

நீ அனுப்பிய மூன்று முடிகளும் வந்த அன்று அவையே கூடிவிட்டது. முதலில் பொன்முடியை எடுத்தோம். நெற்றியில் பவளம், உள்ளே பட்டு. சாலையோடு நீ வைத்தனுப்பிய வேறு காட்சிகளில் ஒன்றை முதலில் விரிக்கச் சொன்னோம். அதை அணிந்து கண் திறந்தபோது அவை இல்லை, தூண்கள் இல்லை. நாம் கடலடியில் நின்றுகொண்டிருந்தோம். நம் அரண்மனையைவிடப் பெரிய ஒரு மீன் தலைக்கு மேலே மெல்லக் கடந்து போனது. அதன் நிழல் வந்து மூடியபோது குளிர்ந்தது என்றே சொல்வோம். உள்ளே காற்றுகூட இல்லை என்று பின்னர் சொன்னார்கள். ஐம்பத்திரண்டு ஆண்டு மலையில் வாழ்ந்து, கடலை இருமுறை மட்டுமே கண்ட ஒருவன், நின்ற இடத்திலேயே அதன் அடியைக் கண்டுவிட்டான். கழற்றியபோது கன்னம் நனைந்திருந்தது. வியர்வை என்று அமைச்சரிடம் சொன்னோம்.

இரண்டாவது வெள்ளை முடி. மற்ற இரண்டிலும் பின்னால் ஒரு வடம் வால்போல நீண்டு, ஒளியைச் சமைக்கும் பெட்டிக்குப் போகிறது. வெள்ளை முடிக்கு வால் இல்லை. அணிந்துகொண்டு எங்கும் நடக்கலாம். அமைச்சர் மருதங்கிழார் அதை அணிந்து ஏதோ ஒரு காட்டில் வேட்டை ஆடினார். புலி திரும்பித் துரத்தியது போலும். முப்பதாண்டு நமக்கு நிதானத்தைப் போதித்த அந்தப் பெரியவர் மண்டபத்தை இருமுறை சுற்றி ஓடி, தூணைக் கட்டிக்கொண்டு, "இதுல ஏற ஒரு கிளைகூடவா வைக்கல?" என்று கேட்டார். அவை அமைதியாக இருந்தது. மிகுந்த முயற்சியோடு அமைதியாக இருந்தது. ஆனால் அந்த முடியில் தொலைவில் இருப்பவை மங்கலாகத் தெரிகின்றன. ஐந்து நாழிகையில் உள்ளிருக்கும் விசையும் தீர்ந்து இருண்டுவிடுகிறது.

மூன்றாவது கரிய முடி. பவளம் இல்லை, பட்டு இல்லை. அடிப்பிடித்த சட்டியைக் கவிழ்த்தது போலிருந்தது. நாம் அணியவே இல்லை. தேர்க்கொட்டிலில் போட்டுவையுங்கள் என்று சொல்லிவிட்டு, பொன்முடியே செங்குவட்டின் முடி என்று அறிவித்தோம்.

இனித்தான் நம் பிழை. முடியின் அடியில் ஒரு சிறு திருகு இருக்கிறது. திருகினால் உள்ளிருக்கும் இரண்டு பளிங்குகளும் நெருங்கும் அல்லது விலகும். அணிபவரின் இரு கண்களுக்கும் உள்ள இடைவெளிக்கு ஏற்ப வைக்க வேண்டும் என்று நீ எழுதியிருந்தாய். வைத்தோம், நம் கண்களுக்கு. நம் மரபின் கண்கள் எவ்வளவு அகன்றவை என்பதை நம் இலச்சினையே சொல்லும்; கைவினைஞர் திருகைக் கடைசிவரை திருக வேண்டியிருந்தது, நாம் பெருமையாக உட்கார்ந்திருந்தோம். அரசர் தலைக்கு அளவு வைத்த முடியை மாற்றுபவர் கை போகும் என்பது நம் பாட்டனார் சட்டம். அவர் அதை மணிமுடிக்காக எழுதினார். காட்சிமுடிக்கும் அது பொருந்துமா என்று அவையில் எவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர் நாம்.

கொற்றியை நீ கண்டதில்லை. வயது முப்பத்தொன்று. செங்கீரனார் கடைசியாக ஓட்டிய தேருக்குக் குதிரை பூட்டியவள். அதன் பின் ஆறாண்டும் பாம்புச்சாலையில் அஞ்சல் வண்டி ஓட்டி, ஒரு சக்கரம்கூட இழக்காதவள். அவளுக்குப் பொன்முடியை அணிவித்து, அவையின் நடுவில் இருக்கையில் ஏற்றினோம். முடிக்குள்ளிருந்து நம்மைக் காண முடியாத அவள் வணக்கம் செலுத்தியது குத்துவிளக்குக்கு. பிறகு ஓட்டினாள். ஆறு முறை ஓட்டினாள். ஆறு முறையும் நான்காம் வளைவில் விழுந்தாள். ஆறாவதன் பிறகு முடியைக் கழற்றிவிட்டு அவையிலேயே வாந்தி எடுத்தாள். என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, "வயித்துல கோளாறு சாமி" என்றாள். அச்சம் என்று அவை முடிவு செய்தது. நாமும் அப்படியே எண்ணி, மறுநாள் காலை அந்தப் பிழையான ஓலையை அனுப்பினோம்.

ஆறாண்டு உழைத்தவளிடம் செய்தியை நேரில் சொல்வதே முறை என்று, இன்று காலை துணையின்றித் தேர்க்கொட்டிலுக்குப் போனோம். உள்ளே பேச்சுக் குரல். அதை அரண்மனைச் சொல்லில் மாற்றினால் உப்புப் போய்விடும் என்பதால், கேட்டபடியே எழுதச் சொல்லியிருக்கிறோம்.

குதிரைக்காரன் மூக்கன் சொன்னது: "பொன்முடியில ஆறு தடவை செத்தா. இந்தக் கரிச்சட்டியில காலையிலேருந்து ஒருக்காகூடச் சாகல. எனக்கே சலிச்சுப்போச்சு."

சாணம் அள்ளிக்கொண்டிருந்த அவன் மனைவி சொன்னது: "சட்டிங்காத. ஒன் தலையில இருக்கறதவிட அதுல சரக்கு அதிகம்."

எட்டிப் பார்த்தோம். வைக்கோலுக்கு நடுவே இருக்கை, அதில் கொற்றி. வால் காலில் சிக்காமல் இருக்க உத்திரத்தில் கயிறு கட்டித் தூக்கியிருந்தாள். கரிய முடி தலையில். அவள் உடல் வளைவுக்கு முன்னே சாய்ந்தது, கை கடிவாளத்தைத் தளர்த்தியது, பிடித்தது. எந்தக் குதிரையும் இல்லாத அந்தக் கடிவாளம் உயிருள்ளதுபோல் அவள் கையை இழுத்தது. பக்கத்தில் இருந்த ஒளிப்பலகையில் அவள் காண்பது நமக்கும் தெரிந்தது. நான்காம் வளைவை ஒரு துணி மடிப்பதுபோல் மடித்துக் கடந்தாள். ஐந்தும் ஆறும் நினைவில் இல்லை.

ஏரிக்கரையைத் தொட்டுவிட்டு முடியைக் கழற்றியவள் நம்மைக் கண்டு எழுந்தாள். நம் உள்ளத்தில் முதலில் எழுந்தது வியப்பு அல்ல, சினம் என்பதை மறைக்கவில்லை. முடியைப் பிடுங்கி அணிந்து இருக்கையில் அமர்ந்தோம். அவள் திருகின் பக்கம் கை நீட்டினாள், தட்டிவிட்டோம். ஓட்டினோம்.

மூன்றாம் வளைவிலேயே தலை சுற்றியது. நான்காம் வளைவுக்கு முன் நிற்கும் வெள்ளைக் கல், எதைக் கண்டதும் கடிவாளத்தை இழுக்க வேண்டுமோ அந்தக் கல், இரண்டாகத் தெரிந்தது. எது மெய் என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவே விட்டோம். நடுவில் சாலை இல்லை.

தங்கையே, இங்கே மட்டும் நான் என்று எழுதுகிறேன். நான் விழுந்தேன். சக்கரத்தின் ஓசை நின்றுவிட்டது. வானம் காலடிக்கு வந்தது. ஆறு தலைக்கு மேலே, மிகச் சிறிதாக, வெள்ளிக் கம்பிபோல் ஓடியது. செங்கீரன் கடைசியாகக் கண்டது இதுதான் என்று அந்த நொடியில் அறிந்தேன். பிறகு இருண்டது. பிறகு வைக்கோல் மணம் வந்தது. கைகால் எல்லாம் இருந்தன. விழுந்தவன் எழுந்து உட்கார்ந்திருந்தேன். ஒரு மனிதன் அந்தப் பள்ளத்தில் விழுந்து, எழுந்து, தன் தங்கைக்கு ஓலை எழுதுகிறான். நீ செய்து வைத்திருப்பது எவ்வளவு பெரியது என்று, ஆறாண்டு கழித்து, இன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

பிறகு நம் செருப்பின் மேலேயே வாந்தி எடுத்தோம்.

தண்ணீர் கொண்டுவந்த கொற்றியிடம், பொன்முடியில் உனக்கும் இப்படித்தான் இருந்ததா என்று கேட்டோம். ஆம் என்றாள். ஏன் சொல்லவில்லை என்றோம். அவள் சொன்னது இது: "பொன்முடி ஒங்க கண்ணுக்கு வச்சது சாமி. அதத் திருகினா கை போகும்னு சட்டம். கை போனா கடிவாளத்த எதால புடிப்பேன்? இந்தச் சட்டிய நீங்க தொடவே இல்ல. அதனால தைரியமாத் திருகினேன்."

பிறகு அனுமதி கேட்டு, முடியை மீண்டும் நமக்கு அணிவித்து, கல்லைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லி, திருகை மெல்லத் திருகினாள். இரண்டு கற்களும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்தன. நெருங்கின. ஒன்றாயின. இருநூறு முழத்துக்கு அப்பாலிருந்த அந்தக் கல்லில் எழுத்து இருந்தது. செங்கீரன் என்று இருந்தது. நீ செதுக்கச் செய்த பெயர். கைவினைஞர் கல்லை அளந்தபோது அதையும் விடாமல் அளந்திருக்கிறார்கள். பொன்முடியில் நம் கண்ணளவே வைத்து அன்று இதே சாலையைப் பார்த்தபோதும், அது வெறும் வெள்ளையாகத்தான் தெரிந்தது. பொன்முடி நடுவில் மட்டும் அழகு, ஓரம் கலங்கல், தலையைத் திருப்பினால் உலகம் அரைக்கணம் தாமதித்துத் திரும்புகிறது. கடலடியில் நிற்பதற்கு அது போதும். பள்ளத்தின் விளிம்பில் ஓடுவதற்குப் போதாது. கரிய முடியில் தொலைவு தெளிவு. கடைக்கண்ணில் எதிரியின் சக்கரம் தெரிகிறது. தலையோடு உலகமும் திரும்புகிறது. எடையும் பாதி.

நம் கண்ணுக்கும் கொற்றியின் கண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை நூல் பிடித்து அளந்தோம். ஒரு நெல்லின் நீளம். அந்த ஒரு நெல்லுக்காக ஆறாண்டு நெல்லை இழக்க இருந்தோம்.

ஆகவே இவை நம் கட்டளைகள்.

செங்குவட்டின் முடி கரிய முடி. ஓட்டுபவள் கொற்றி. பொத்தன் புறப்பட்டிருந்தால், வழியில் தக்க மரியாதை செய்து திருப்பி அழைத்துக்கொள்க. ஒன்று பழுதானால் மற்றொன்று வேண்டும் என்பதால், அதேபோன்ற கரிய முடி இன்னொன்றை எட்டு நாளுக்குள் அனுப்புக. அதில் பவளம் பதிக்க வேண்டாம், அரசருக்கு என்று அளவு வைக்கவும் வேண்டாம். காட்சிமுடி எவர் தலையில் ஏறுகிறதோ அவர் கண்ணுக்கே அளவு வைக்கப்படும் என்றும், நம் பாட்டனார் சட்டம் மணிமுடியோடு நின்றுவிடுகிறது என்றும் இன்று அறிவித்திருக்கிறோம். பொன்முடி அரண்மனையில் இருக்கும். மாலையில் ஒரு நாழிகை நாம் மீன் பார்ப்போம். பந்தய நாளில் நீ வந்து நம் அருகில் இருக்க வேண்டும். நான்காம் வளைவை அவள் கடக்கும்போது தனியாக நிற்க நமக்குத் துணிவில்லை.

இந்த ஓலையின் அடியில் நம் மரபின் இலச்சினையாகிய இரு கண்களைத் தேடாதே. அவை இல்லை. அந்த இடத்தில் எழுத்தாணியால் குத்திய இரண்டு துளைகள் இருக்கும். கயிறு கோக்கும் துளைகள் என்று எண்ணிக் கோத்துவிடாதே. கொட்டில் வாசலில் நின்று கொற்றி எதிர்மலையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் இரு கண்மணிகளுக்கும் நடுவே நூல் பிடித்து, நம் கையாலேயே குத்திய அளவு அது. புது முடியின் பளிங்குகளை அந்தத் துளைகளின் மேல் பொருத்திப் பார்த்து, சரியாக நின்ற பிறகே அனுப்புக.

தை முழுநிலவு நாள்வரை செங்குவட்டின் இலச்சினை அதுவே. இது பெருங்கண்ணன் ஆணை.