நீங்கள் நிறுத்திவைத்த சுவரொட்டி

அண்ணை,

நேற்று ஒரு நகலகத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே யாரோ அச்சு உருளையைக் கழுவினார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதுமே பல்கலைக்கழக அச்சகத்தின் நிலவறையும், நீல மேலங்கியோடு நீங்களும் என் முன்னால் வந்து நின்றீர்கள். நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. ஹனோவரில் உங்கள் பிள்ளைகள் வைத்த நினைவுக் கூட்டத்தில் என்னைப் பேசக் கேட்டார்கள். மறுத்துவிட்டேன். ஐந்து நிமிடத்தில் சொல்லக்கூடியதாக என்னிடம் எதுவும் இல்லை.

யாழ்ப்பாணத்தான் ஒருவன் ஜெர்மனியில் யூதவியல் படித்து, எபிரேயக் கல்லறைக் கற்களை வாசித்துக்கொண்டிருப்பது நம்மவர்களுக்கு எப்போதும் வேடிக்கைதான். "விசரோ உனக்கு?" என்று கேட்காதவர் குறைவு. நீங்கள் மட்டும் என் அறைக்கு ஏறி வந்து, மேசையில் கிடந்த ஒரு கல்லின் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இந்த மனுசி ஆர்?" என்று கேட்டீர்கள். சொன்னேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு படத்துக்கும் அதே கேள்விதான்.

பல்கலைக்கழகம் இருந்த நகரத்தின் பழைய யூத மயானத்தில் ஆறு வருடம் வேலை செய்தேன். மழை தின்ற எழுத்துகளுக்குப் பக்கவாட்டில் கண்ணாடி பிடித்து வெயிலைத் திருப்பினால், நிழலில் ஒரு பெயர் எழுந்து வரும். அப்படித்தான் கல் கல்லாக வாசித்தேன். இதைப் பொதுமக்களுக்குக் காட்ட வேண்டும் என்று எங்கள் துறைப் பேராசிரியருக்கு ஒருநாள் தோன்றியது. மயானத்தில் ஒரு பகல் உலா, தானே முன்னின்று நடத்துவதாக அறிவித்தார். என் ஒப்பந்தம் முடிய ஐந்து மாதம் இருந்தது. என்னிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உலாவுக்கான சுவரொட்டி உங்களிடம்தான் அச்சுக்கு வந்தது. முதல் தாளை எடுத்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டீர்கள்.

"என்ன டொக்டர், பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தும் உம்மட பேரைக் காணேல்லை."

பெயரைத் தேடிப் போன என் கண் தேதியில் நின்றது. சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. யூதர்களின் ஓய்வுநாள் வெள்ளி மாலை தொடங்கிச் சனி இருட்டும்வரை. அன்றைக்கு அவர்களுடைய மயானம் திறக்காது. அந்த ஓய்வுநாளின் சட்டங்களைப் பற்றித் தடித்த புத்தகம் எழுதியவர் எங்கள் பேராசிரியர். ஆனால் அவர் அறிந்த சனிக்கிழமைகள் பன்னிரண்டாம் நூற்றாண்டோடு முடிந்துவிட்டவை. சுவரில் தொங்கும் நாட்காட்டியின் சனிக்கிழமை அவருக்குக் கூட்டம் சேர வசதியான நாள், அவ்வளவே. எங்கள் துறையில் யூதர் ஒருவரும் இல்லை. மயானத்தைப் பராமரிக்கும் யூத சபையோடு பேசி நாள் குறிப்பது எப்போதும் என் வேலை. இந்தமுறை என்னைத்தான் வெளியே நிறுத்தியிருந்தார்களே.

"அடியுங்கோ அண்ணை," என்றேன். "நல்லாய் அடியுங்கோ. ஊர் முழுக்க ஒட்டட்டும்."

காரணத்தைச் சொன்னேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"பூட்டின கேற்றுக்கு முன்னால சனம் வந்து நிக்கும். அப்ப வெக்கப்படுறது ஆர்?"

"பேராசிரியர்."

"அவர் ஒரு கிழமை வெக்கப்படுவார். அதுக்குப் பிறகு யூத சபை உங்கள் ஒருத்தரையும் உள்ளுக்க விடாது. நீர் இன்னும் வாசிக்காத கல்லு எத்தினை கிடக்கு?"

கடைசி இரண்டு வரிசை கிடந்தது.

"என்ர அம்மாவைத் தாட்ட சேமக்காலை இப்ப ஆமியின்ர வலயத்துக்குள்ள. குருசு நிக்குதோ விழுந்திட்டுதோ எண்டு சொல்ல அங்க ஒரு ஆள் இல்லை. இஞ்ச சொல்லக்கூடிய ஆள் நீர். நிண்டு சிரிக்கிறீர்."

பொத்தானை அழுத்தினீர்கள். இயந்திரம் நின்றது.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் மெஷின் பழுது எண்டு சொல்லுவன். அதுக்கு மேல ஏலாது. போய்ச் சொல்லும்."

"அவரைச் சந்திக்க டெர்மின் எடுக்கவே மூண்டு கிழமை செல்லும், அண்ணை."

"கதவுக்கு என்ன டெர்மின்? தட்டும்."

அன்று வீடு போகும்வரை உங்களைத் திட்டிக்கொண்டே போனேன். அந்தச் சனிக்கிழமை ஒன்றுதான் எனக்குக் கிடைக்கவிருந்த நியாயம். அதையும் பிடுங்குகிறீர்கள் என்று நினைத்தேன். காலையில் போய்க் கதவைத் தட்டினேன். "சனிக்கிழமை மயானம் திறக்காது," என்றேன். பேராசிரியரின் முகம் வெளுத்தது. "இதை ஏன் முன்பே சொல்லவில்லை?" என்றார். "நீங்கள் கேட்கவில்லை," என்றேன். அவர் நன்றி சொல்லவில்லை. உலா ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது. சுவரொட்டியில் என் பெயர் அப்போதும் இல்லை.

அந்த ஞாயிறு நீங்களும் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தீர்கள். பேராசிரியர் நான் வாசித்த பெயர்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பாதகமில்லாமல்தான் பேசினார். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒரு முதியவர் தன் பூட்டியின் பெயரைச் சொல்லி, கல் எது என்று கேட்டார். பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. பேராசிரியர் தாளைப் புரட்டிக்கொண்டே நின்றார். கூட்டத்தின் பின்னாலிருந்து உங்கள் குரல் கேட்டது, ஜெர்மனில்: "அங்க நிக்கிற டொக்டரைக் கேளுங்கோ. வாசிச்சவர் அவர்தான்."

எல்லோரும் திரும்பினார்கள். முதியவரைக் கடைசி வரிசைகளுக்குக் கூட்டிப்போனேன். முழந்தாளிட்டுக் கண்ணாடியைப் பிடித்தேன். முதல் கல் அவருடைய பூட்டியினது இல்லை. இரண்டாவதும் இல்லை. அரை மணி நேரம் ஆயிற்று, ஒருவரும் போகவில்லை. ஐந்தாவது கல்லில் அவள் பெயரை வாசித்தேன். முதியவர் யூதர் வழக்கப்படி ஒரு சிறு கல்லை எடுத்து அதன்மேல் வைத்தார். வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

ஒப்பந்தத்தை அவர்கள் நீட்டிக்கவில்லை. அதை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கும் உத்தேசமும் இல்லை. இப்போது மாலை வகுப்புகளில் எபிரேயம் கற்பிக்கிறேன், நன்றாகவே கற்பிக்கிறேன். அந்தத் துறையில் எவரும் அந்தக் கற்களை என்னளவுக்கு வாசிக்க மாட்டார்கள். இது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

போன கிழமை பேராசிரியர் அந்த மயானத்தைப் பற்றிய தன் புதிய நூலின் மெய்ப்பை அனுப்பியிருந்தார், "முடிந்தால் ஒருமுறை பாருங்கள்" என்ற ஒற்றை வரியோடு. அதில் ஒரு தாயின் கல்லையும் மகளின் கல்லையும் மாற்றி எழுதியிருக்கிறார். புத்தகம் அப்படியே வந்திருந்தால் விமர்சகர்கள் அவரைக் கிழித்திருப்பார்கள். ஒரு நாள் முழுக்க அந்தப் பக்கத்தை மூடி வைத்திருந்தேன். "இந்த மனுசி ஆர்?" என்ற உங்கள் குரல் விடவில்லை. மறுநாள் காலையில் இருவரையும் அவரவர் கல்லுக்குத் திருப்பி அனுப்பினேன், கல்லின் படத்தோடு, வரி எண்ணோடு.

அவருக்கு எழுதிய கடிதத்தில் வணக்கம் மட்டும் போடவில்லை. அதற்கு நீங்கள் ஒன்றும் சொல்ல மாட்டீர்கள், அண்ணை.