மாஜரின் டப்பாவுக்குள் ஓர் ஆராய்ச்சி

2025 ஜூன் 10

பாரைக் கருவாடு வாங்க வந்த பொம்பிளை ஒருத்தி என் கையைப் பார்த்துவிட்டு, "முதலாளி, கைல செதில் ஒட்டியிருக்கு, கழுவுங்க" என்றாள். "கருவாட்டுக் கடைக்காரன் கைல தங்கமா ஒட்டும், பிள்ளை?" என்று சிரித்துச் சமாளித்தேன். செதில்தான். ஆனால் மீனுடையதல்ல, என்னுடையது. ஆறு வருஷமாக உள்ளங்கையும் விரல்களும் சிவந்து தடித்து, பொருக்குப் பொருக்காக உரிகின்றன. சொரியாசிஸ் என்று பெயர். தொற்றாதாம். அதை ஊருக்கு யார் வீடு வீடாகப் போய்ச் சொல்வது? கருவாடு விற்கிறவனுக்கு இது வந்ததும் ஒரு அதிர்ஷ்டம். பேக்கரி வைத்திருந்தால் எப்போதோ மூடியிருப்பேன்.

ஆனால் ஆகஸ்ட் கடைசியில் மகள் றிஷ்னாவுக்கு நிகாஹ். பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையின் வலது கையைப் பிடித்துத்தான் மகளைக் கொடுக்க வேண்டும். சபை முழுக்கப் பார்க்கும். ஃபோன் வைத்திருக்கிற ஒவ்வொருத்தனும் அந்த இரண்டு கைகளைத்தான் கிட்டவாகப் படம் எடுப்பான். கையுறை போட்டுக்கொண்டு மகளைக் கொடுக்கவா முடியும்?

ஜூன் 12

ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் டெனிஷா, சிலாபத்துப் பிள்ளை, வயது முப்பதுகூட இருக்காது. ஒரு புது மருந்தை ஆராய்கிறார்களாம், சேர விருப்பமா என்று கேட்டா. பாதிப் பேருக்கு மருந்து. மற்றப் பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் களிம்பு. டியூப், நிறம், மணம் எல்லாம் ஒன்று.

"எனக்கு வாறது எது டொக்டர்?"

"எனக்கும் தெரியாது. கொழும்பில கொம்பியூட்டர் பிரிச்சது."

கருவாட்டை சைக்கிளில் கட்டி வித்த காலம்தொட்டு வியாபாரம் செய்கிறேன். சரக்கு என்னவென்று வாங்குகிறவனுக்குத் தெரியாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். விற்கிறவருக்கும் தெரியாத வியாபாரத்தை இன்றுதான் பார்த்தேன்.

"தெரிஞ்சா ரெண்டு பேரும் எங்களை நாங்களே ஏமாத்திக்கொள்ளுவம்" என்றா. நல்ல பதில். கையெழுத்துப் போட்டேன். களிம்பை இரண்டு நேரமும் பூச வேண்டும், வெயிலில் வைக்கக் கூடாது, உப்புத் தண்ணீரில் கை வைக்கக் கூடாது, வேறு மருந்து பூசக் கூடாது, விருப்பமில்லாவிட்டால் எப்போதும் விலகலாம். அவசரத்துக்குத் தன் ஃபோன் நம்பரும் தந்தா.

ஜூன் 13

மணந்து பார்த்தேன். விரல் நடுவே தேய்த்துப் பார்த்தேன். தண்ணீரில் போட்டுப் பார்த்தேன் – மிதக்கிறது. மருந்து மிதக்குமா? தாழுமா? யாரிடம் கேட்பது?

ஜூன் 19

டொக்டருக்கு முதல்தரமான அறுக்குளாக் கருவாடு ஒரு பார்சல் கொண்டுபோனேன். மேசையில் வைத்துவிட்டு, "சும்மா ஒரு குறிப்பு மட்டும் சொல்லுங்க. கண்ணைச் சிமிட்டினாலும் போதும்" என்றேன்.

"நானா, தெரியாததை நான் எப்படிச் சிமிட்டுறது? தயவுசெஞ்சு இதை வெளியில எடுங்க, நர்ஸுக்குத் தலை சுத்துது."

வெளியே எடுத்து வந்தேன். வரிசையில் இருந்தவர்கள் விலை கேட்டார்கள். கிளினிக் வாசலிலேயே விற்று முடிந்தது. போன காரியம் நடக்கவில்லை, ஆனால் வெறுங்கையோடு வரவில்லை.

ஜூன் 25

யோசித்துப் பார்த்ததில் ஒரு வழி தோன்றியது. கடைக்குப் பின்னால் வந்து அட்டைப்பெட்டி தின்கிற கழுதைகளில் ஒன்றுக்கு முதுகில் மயிர் கொட்டி, தோல் உரிந்திருந்தது. அதில் என் களிம்பைப் பூசினேன். ஆறினால் மருந்து. ஆறாவிட்டால் வெறும் களிம்பு. கழுதை நன்றாக நின்றது. மனிதர்கள்கூட இப்படி ஒத்துழைக்க மாட்டார்கள்.

ஜூலை 1

இன்று காலை பின்பக்கம் ஐந்து கழுதைகள். மூன்றுக்கு முதுகில் மயிர் இல்லை, இரண்டுக்கு இருக்கிறது. என்னுடையது எது? அடையாளத்துக்குக் கொஞ்சம் பெயின்ட் பூசியிருக்க வேண்டும். மூட்டைக்கெல்லாம் குறி வைக்கிற எனக்கு இது ஏன் தோன்றவில்லை?

ஜூலை 8

கிளினிக்கில் பக்கத்துக் கதிரையில் எத்தாளை ஊர்ச் சூசைப்பிள்ளை. கடல் தொழில். முழங்கையிலும் முழங்காலிலும் இதே வருத்தம், இதே ஆராய்ச்சி. அவருக்கும் நித்திரை இல்லை.

"முதலாளி, எனக்கு வந்தது வெறும் களிம்பு எண்டுதான் மனசு சொல்லுது. என்ர ராசி அப்பிடி."

"எனக்கும் அதே யோசனைதான்."

பிறகு சொன்னார்: அவர்கள் பக்கம் இரண்டு படகு கூட்டாகப் போனால், எதில் மீன் விழுந்தாலும் கரையில் கொட்டி ஒன்றாக்கிப் பாதி பாதி பிரிப்பார்களாம். ஒருத்தன் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகக் கூடாது, அதுதான் கணக்கு.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

கடையின் பின்னறையில் இரண்டு பேருடைய டியூப்களையும் ஒரு பெரிய காலி மாஜரின் டப்பாவில் பிதுக்கினோம். சூசைப்பிள்ளை அகப்பைக் காம்பால் வலக்கைப் பக்கமாகக் கிண்டினார். இடக்கைப் பக்கம் கிண்டினால் திரளுமாம். பிறகு பாதியை அவருக்கு வேறொரு டப்பாவில் கொடுத்தேன். இப்போது யாருக்கு மருந்து வந்திருந்தாலும் இரண்டு பேருக்கும் அரை மருந்தாவது நிச்சயம். நஷ்டம் பாதி, லாபம் பாதி. கொழும்புக் கொம்பியூட்டருக்கு இந்த மூளை இல்லை.

வெக்கையில் உருகுமென்று டப்பாவை வீட்டில் ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

ஜூலை 9

"ஃப்ரிட்ஜ்ல புது மாஜரினா?" என்று ஸுலைஹா கேட்டாள். பெண்சாதியிடம்கூடச் சொல்லவில்லை. "ஓம், அது இரிக்கட்டும்" என்றேன்.

ஜூலை 23

சுட்டுவிரலில் தோல் மெலிந்திருக்கிறது! பிளந்த வாய் போன்ற வெடிப்புகள் மூடியிருக்கின்றன. சூசைப்பிள்ளைக்கு ஃபோன் எடுத்தேன்.

"முதலாளி, முழங்கால் பளபள எண்டு இருக்கு! என்ர மனுசி பிரான்சிஸ்கா தடவிப் பாத்திட்டு, கலியாணம் கட்டின நேரம் இருந்த கால் எண்டு சொல்லுறா."

அரை மருந்துக்கே இவ்வளவு. முழு மருந்து என்றால்?

ஜூலை 30

கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று கை கொடுத்துப் பழகினேன். வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்தால் கை அவ்வளவு மோசமில்லை. நிகாஹ் மேசையை யன்னலுக்கு எந்தப் பக்கம் போடுவது என்று பள்ளிவாசலுக்குப் போய்ப் பார்த்துவர வேண்டும்.

ஆகஸ்ட் 3

யா அல்லாஹ்.

மாப்பிள்ளை ஃபாஹிமின் வாப்பா மஹ்ரூப் முந்தலில் இறால் பண்ணை வைத்திருப்பவர். எதையும் தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்துத்தான் ஏற்கிற மனுஷன். இந்தச் சம்பந்தத்துக்கே மூன்று தரம் வந்து பார்த்தவர். அவர் முன்னால் நிற்கும்போதெல்லாம் நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பேன். இன்று பந்தல் விஷயம் கதைக்க, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் கடையில். ஸுலைஹா அவசரத்துக்குப் பாண் வெட்டி, மாஜரின் பூசி, மேலே சீனி தூவித் தேத்தண்ணியோடு கொடுத்திருக்கிறாள்.

நான் வந்து நுழையும்போது மனுஷன் மூன்றாவது துண்டில் இருந்தார். மேசையில் என் டப்பா.

"மச்சான், வாங்க, வாங்க. இது எந்தக் கொம்பனி மாஜரின்? நல்ல வழுவழுப்பு."

நான் ஸுலைஹாவைப் பார்த்தேன். "வெள்ளையா இருந்திச்சு. புது வகையாக்கும் எண்டு நெனச்சன்" என்றாள்.

பேசாமல் விட்டுவிடலாமா? ஒரு நொடி அப்படியும் நினைத்தேன், பொய் சொல்லமாட்டேன். மனுஷன் செத்துக்கித்துப் போனால்? மகளின் நிகாஹுக்கு மாப்பிள்ளையின் வாப்பாவைக் களிம்பு கொடுத்துக் கொன்றவன் என்று பெயர் வரும்.

"மச்சான்... நீங்க தின்னது மாஜரின் இல்ல."

"வேற என்ன?"

"என்ட கைக்குப் பூசுற மருந்து."

அவர் பாணைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இனி ஒளித்து என்ன? இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் காட்டினேன். மனுஷன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். போச்சு, கலியாணம் முடிந்தது என்று நினைத்தேன்.

"அதுல பண்டிக் கொழுப்பு, ஹராமான சாமான் ஒண்டும் கலந்தில்லையே?" என்றார்.

டொக்டர் டெனிஷாவுக்கு ஃபோன் எடுத்து, எல்லோரும் கேட்க ஸ்பீக்கரில் போட்டேன்.

"எவ்வளவு சாப்பிட்டார்?"

"மூண்டு துண்டு பாண். சீனியோட."

"யார் அவர்? எங்கட ஆராய்ச்சியில இருக்கிறவரா?"

"இல்ல டொக்டர். இப்ப சேந்திட்டார்."

டியூப் நம்பர் கேட்டா. எனக்கு இரண்டு நம்பர் சொல்ல வேண்டியிருந்தது. ஏன் இரண்டு என்று கேட்டா. கூட்டுப் பங்கு, அகப்பைக் காம்பு எல்லாவற்றையும் சொன்னேன். மறுபக்கம் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று, "டொக்டர்?" என்றேன்.

"இருக்கிறன்" என்றா. "நான் மூச்சு விடுறன்."

இப்படி ஆபத்து வந்தால் மட்டும் கொழும்பில் அந்த நம்பர்களை உடைத்துப் பார்க்கலாமாம். பார்த்துவிட்டுத் திரும்ப ஃபோன் எடுத்தா.

"பயமில்லை. மருந்து ஒண்டும் உள்ளுக்குப் போகேல்லை. ரெண்டு டியூபும் வெறும் களிம்புதான்."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

"பண்டி?" என்று மஹ்ரூப் பக்கத்திலிருந்து கத்தினார்.

"எந்த மிருகக் கொழுப்பும் இல்லை ஐயா. பரஃபின்தான். வயிறு மட்டும் கொஞ்சம் இளகும். வேற ஏதும் செஞ்சா உடன ஆஸ்பத்திரிக்கு வாங்க."

நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்றுமில்லாததையும் ஒன்றுமில்லாததையும் கலந்து, கவனமாக வலக்கைப் பக்கமாகக் கிண்டி, பாதி பாதி பிரித்திருக்கிறோம்.

மஹ்ரூப் பந்தல் கதையை எடுக்காமலே போய்விட்டார்.

ஆகஸ்ட் 4

சுபஹ் தொழுதுவிட்டு வந்ததும் ஃபோன். மஹ்ரூப். எடுக்கப் பயந்து மூன்று தரம் அடிக்கவிட்டேன். றிஷ்னா கதவடியில் நின்று நகம் கடித்துக்கொண்டிருந்தாள்.

"மச்சான், அந்த டப்பால மிச்சம் இரிக்கா?"

"என்னத்துக்கு?"

"வருஷக்கணக்கா வயிறு இறுகி நான் பட்ட பாட்டை உங்களுக்கு எப்படிச் சொல்ல? எத்தனை டொக்டர், எத்தனை கஷாயம். இண்டைக்குக் காலையில – அல்ஹம்துலில்லாஹ் – பூப்போல!"

டொக்டரிடம் கேட்காமல் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, "மச்சான், என்ட கை விஷயம்..." என்று தொடங்கினேன்.

"ஓ, அதா? என்ட உம்மாக்கும் இருந்த வருத்தம்தானே. அதுக்கா எப்பவும் கையைப் பின்னால கட்டிக்கொண்டு நிண்டீங்க? பெருமை பிடிச்ச மனுஷன் எண்டு நாங்க வீட்டில எவ்வளவு கதைச்சம்!"

றிஷ்னாவுக்குத் தலையாட்டினேன். அவள் நகத்தை விட்டாள்.

ஆகஸ்ட் 7

நானும் சூசைப்பிள்ளையும் கிளினிக்கில், பள்ளிக்கூடத்தில் பிடிபட்டவர்கள்போல. டொக்டர் ஏசவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இனி எங்களுக்குக் களிம்பு இல்லை. ஆனால் எங்களைக் கணக்கிலிருந்து எடுக்கவும் மாட்டார்களாம். வேண்டாதவர்களை வெட்டிக்கொண்டே போனால் முடிவு எவருக்கும் பிடித்தமாதிரித்தான் வரும் என்றா. சரியான கதை. பழுதான மூட்டையையும் சேர்த்துத்தான் நிறுக்க வேண்டும்.

"அப்ப என்ட கை எப்படி டொக்டர் ஆறினது?"

"ரெண்டு நேரமும் பூசினீங்க, உப்புத் தண்ணியில கை வைக்கேல்லை. இந்த வருத்தம் தானாவும் ஏறும், இறங்கும். மிச்சம் உங்கட ஆசை. அதைக் கண்டுபிடிக்கத்தான் வெறும் களிம்பே குடுக்கிறம்."

கழுதையைப் பற்றியும் சொல்லிவிட்டேன். அவ பேனையை வைத்தா. "ஒப்பிட்டுப் பாக்க வேற கழுதை வச்சிருந்தீங்களா?" இல்லை என்றேன். "அப்ப அதைப் பிரசுரிக்கேலாது" என்று முகம் அசையாமல் சொன்னா.

இரண்டு பேருக்கும் வழமையான, ஊரறிந்த மருந்தை எழுதித் தந்தா. சூசைப்பிள்ளை மருந்துச் சீட்டை வாங்கமாட்டேன் என்றார்.

"எனக்கு அந்த வெறும் களிம்பையே தாங்க, டொக்டர். நல்லாக் கேட்டுது."

"அதுல ஒண்டும் இல்லை அண்ணன்!"

"அதுதான் எனக்கு ஒத்துக்கொள்ளுது."

ஆகஸ்ட் 30

வழமையான மருந்தில் இடது கை நன்றாகத் தேறிவிட்டது. பிடிக்க வேண்டியது வலது கை.

செப்டம்பர் 1

நேற்று நிகாஹ் முடிந்தது. மௌலவி சொன்னதும் வலது கையை நீட்டினேன். சிவப்பு, பொருக்கு எல்லாம் அப்படியே. மூன்று நான்கு ஃபோன்கள் மேசைக்கு மேலே குனிந்தன. குனியட்டும் என்று விட்டேன். ஃபாஹிமின் கைதான் என் கையைவிட மோசம் – தண்ணீரில் முக்கியெடுத்ததுபோல வேர்வை. "மாமா, வழுக்குது" என்று காதடியில் முணுமுணுத்தார். "பயப்படாதீங்க மகன்" என்று பிடித்துக்கொண்டு, என் மகளைக் கொடுத்தேன். குரல் ஒரு இடத்தில் உடைந்தது. ஸுலைஹா கவனித்திருப்பாள்.

இன்று றிஷ்னா அந்தப் படத்தை எல்லோரும் பார்க்க ஃபோனில் போட்டிருக்கிறாள். என் கை திரையில் பாதி, விரல் விரலாக, அதற்குப் பின்னால் மாப்பிள்ளையின் முகம். காலையிலிருந்து சொந்தக்காரர்கள் எழுதியதையெல்லாம் ஒன்றுவிடாமல் வாசித்தேன். கையைப் பற்றி ஒரு சொல் இல்லை. எல்லோரும் கேட்டிருப்பது ஒன்றைத்தான்: மாப்பிள்ளை ஏன் அழுகிறார்?

அழவில்லை. நான் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துவிட்டேன்.