இடது பக்கத்துச் சொந்தம்

என் பவுனு,

உன் ஃபோன் உன் மருமகள் வள்ளியிடம்தான் இருக்கிறது. நேற்றுக் காலை நொச்சிக்குப்பத்தில் அவளே என்னிடம் சொன்னாள், எடுத்தும் காட்டினாள். எங்கேயிருந்து எடுத்தாள் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போதெல்லாம் பேப்பருக்கு ஒரு பத்தி அடித்தாலே இடது கை கனக்கிறது. மார்பை எடுத்த பக்கத்துக் கை வீங்கலாம், நடையும் பயிற்சியும் விட்டுப்போகக் கூடாது என்று ஆஸ்பத்திரிப் பயிற்சி அறையில் இருந்த பெண் நம் இருவருக்கும் சேர்த்தே சொன்னாள். நீ கேட்டுக்கொண்டாய். நான் குறித்துக்கொண்டேன்.

பயிற்சி முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது அவள்தான் நம் ஃபோன்களில் அந்தச் செயலியைப் போட்டுவிட்டாள். செயலி என்பது நான் எழுதுவது. உன் வாயில் அது ஆப்பு. நம்மை அதில் ஜோடியும் சேர்த்தாள். நீ நடந்தால் என் திரையில் பச்சைப் புள்ளி, நான் நடந்தால் உன் திரையில். மீன் விற்கிறவளும் பத்திரிகைக்காரியும் ஒட்டிக்கொண்டே திரிவதைப் பார்த்து, நீங்கள் எந்தப் பக்கத்துச் சொந்தம் என்று கேட்டாள். அம்மா வழியா, அப்பா வழியா என்ற நினைப்பில் கேட்டிருப்பாள்.

"எடது பக்கத்துச் சொந்தம்" என்றாய். "ரெண்டு பேருக்கும் அந்தப் பக்கம்தானே எடுத்துக்கீறாங்க."

முதல் வாரம் ஆப்பு உன்னை அவமானப்படுத்தியது. விடியுமுன் படகடிக்குப் போய், மீனோடு திரும்பி, கடை போட்டு, தெருத்தெருவாக வாடிக்கை வீடுகளுக்கு நடந்தவளிடம், "இன்று நீங்கள் நகரவே இல்லை. பரவாயில்லை, நாளை முயலுங்கள்" என்றது. ஈரம் படக் கூடாதென்று நீ ஃபோனைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கடைக் குடைக் கம்பியில் மாட்டியிருந்தாய். அது நாள் முழுக்க அங்கேயே தொங்கியது. விஷயம் புரிந்ததும் ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாய். சுருக்குப்பை வலது பக்கம், ஃபோன் இடது பக்கம். "எடம் காலியாத்தானே கீது. வாடகைக்கு வுட்டுட்டேன்."

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது இதையே சொன்னாய்; பயிற்சி அறைப் பெண் சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

என் ஃபோன் மேசையில் கிடக்கும். நானும் அதன் பக்கத்திலேயே கிடப்பேன். அது என்னைத் திட்டியது நியாயம்தான். புள்ளி வராத நாளில் நீ கூப்பிடுவாய்: "இன்னா எக்கா, செத்துட்டியா?" இல்லை என்று நிரூபிக்கவே தெருமுனை வரை போய் வருவேன்.

பிறகு நோய் உன் எலும்புக்குள் போனது. ஓயாமல் நடந்தவளுக்குப் போனது. உட்கார்ந்தே இருந்தவள் இருக்கிறேன். இதை நான் யாரிடம் கேட்பது? நடந்தால் திரும்ப வராது என்று யாரும் நமக்குச் சத்தியம் செய்து தரவில்லை, தெரியும். இருந்தாலும் நீ போன பிறகு செருப்பை மாட்டவே எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் உன் புள்ளி வந்துகொண்டிருந்தது. அடக்கம் முடிந்த மறு வாரத்திலிருந்து, தினமும் காலையில், பச்சையாக. ஆயுசு முழுக்க எதையும் விசாரிக்காமல் எழுதாதவள், இதை மட்டும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் நின்றுவிடுமோ என்றிருந்தது.

முந்தாநாளும் அதற்கு முந்தின நாளும் புள்ளி இல்லை. நேற்றுக் காலை விடிந்தும் வரவில்லை. மயிலாப்பூரிலிருந்து கடற்கரையில் உன் கடை வரை நடந்தே போய்விட்டேன். பாதி வழியில்தான் உறைத்தது, ஃபோன் மேசையிலேயே இருக்கிறதென்று. அத்தனை தூரம் நடந்தும் ஆப்பின் கணக்கில் நான் நகரவே இல்லை.

உன் பலகையில் உட்கார்ந்து வள்ளி சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். புள்ளி வரலியே என்றேன். புள்ளி வராவிட்டால் கேட்பது நீ; நேற்று நான் கேட்டேன். பிள்ளைக்கு ஜுரம், இரண்டு நாளாகக் கடைக்கே வரவில்லை, ஃபோன் வீட்டில் கிடந்தது என்றாள். நேற்றுத்தான் எடுத்து வந்தாளாம். கையைத் துடைத்துக்கொண்டு ஜாக்கெட்டுக்குள்ளிருந்து உன் ஃபோனை எடுத்தாள்.

"அத்த படுத்துக்கினு கீறப்போ சொல்லிச்சு. நான் புள்ளி வெக்கலன்னா அந்தப் பேப்பர்காரம்மா ஊட்ட வுட்டு நவுராது, நீ சொருவிக்கினு போன்னு."

 ஃபோனை மறுபடி செருகிக்கொண்டாள்.

"நானும் செமந்துக்கினுதான் கீறேன். ஆனா உன் புள்ளி ஒண்ணுகூட வர்ல. ஃபோன்ல எடமும் இல்ல, ஒரு போட்டோகூட எடுக்க முடியல. ஞாயித்துக்கெழம வரிக்கும் பாப்பேன். வர்லன்னா ஆப்பத் தூக்கிடுவேன். தப்பா நெனைக்காத."

தப்பாக நினைக்க அதில் ஒன்றுமில்லை. மீனைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள், நீ கட்டுவது போலவே, நான் எழுதும் பேப்பரில்.

என் கை வீக்கத்தைச் செவ்வாய்க்கிழமை மறுபடி அளந்து பார்ப்பார்கள். அடங்கியிருக்கிறதா, அடுத்து என்ன என்பது அன்றைக்குத் தெரியும். வள்ளி சொன்ன கெடு அதற்கு முன்பே, ஞாயிற்றுக்கிழமை.

பெரிய வாக்குக் கொடுக்கத் தெம்பில்லை, பவுனு. நாளைக் காலை என் ஃபோன் மேசையில் இருக்காது. வாடகைக்கு விட என்னிடமும் ஓர் இடம் காலியாக இருக்கிறது.

உன் இடது பக்கத்துச் சொந்தம்,
எக்கா